இறுதியில் நின்றால் இழுக்கா?

ஆங்கிலேயன் தன் மொழியின் கழுத்தில் தானே பூட்டிக்கொண்ட ஓர் அயல்நுகத்தை, மூன்றரை நூற்றாண்டு சுமந்தபின், ஒருவாறு கழற்றிக் கீழே போட்டுவிட்டான். அவன் கழற்றிப் போட்டதைத் தமிழன் ஓடிப்போய் எடுத்துத் துடைத்து, மஞ்சள் பூசிப் பொட்டிட்டு, தன் பிள்ளையின் பிடரியில் பூட்டிக்கொண்டிருக்கிறான். மொழியடிமை என்பது இதைவிட வேறு எப்படித்தான் இருக்கும்?

நுகம் இதுதான்: ஆங்கிலச் சொற்றொடர் எதுவும் முன்னிடைச்சொல்லில் முடிதல் கூடாது. தமிழில் பெயருக்குப் பின்னே நிற்கும் உருபுகளும் சொல்லுருபுகளும் உணர்த்தும் பொருளை, ஆங்கிலம் பெயருக்கு முன்னே சிறு தனிச்சொற்களை நிறுத்தி உணர்த்துகிறது. 'இன்', 'ஆன்', 'அட்', 'வித்', 'டு' என்பன போல்வன அவை. முன்னே நிற்பதால் முன்னிடைச்சொல் எனப்பட்டன. ஆயின், ஆங்கில மக்கள் இயல்பாகப் பேசுங்கால் இச்சொற்கள் தமக்குரிய பெயரை விட்டு விலகித் தொடரின் கடைசியிற் போய் நிற்பதும் உண்டு. தன் குழந்தையிடம் 'எதைப் பார்க்கிறாய்?' என்று கேட்க நினைக்கும் ஆங்கிலத் தாய் 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்றுதான் கேட்பாள். 'அட் வாட் ஆர் யூ லுக்கிங்?' என்று குழந்தையைக் கேட்கும் தாய் இலண்டனிலும் இல்லை. இலண்டனுக்கு வெளியிலும் இல்லை. இருக்கின்ற தாய் பேசுவது பிழை. இல்லாத தாய் பேசுவதே திருத்தம் என்பது அந்நுகத்தின் தீர்ப்பு.

இனி, காரமடைக்கு வருவோம். கோவைக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் நீலமலையைக் கண்ணெதிரே கொண்டு கிடக்கும் ஊர் அது. காரைச் செடிகள் அடர்ந்த மடை ஆதலின் காரமடை ஆயிற்று என்று பெயர்க்கரணியம் கூறுவர். அரங்கநாதர் கோயில் மாசித் தேருக்குக் கொங்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் திரள்வர். சுற்றுப்புறத்துத் தோட்டங்களில் கறிவேப்பிலையும் வாழையும் பாக்கும் விளைகின்றன. கறிவேப்பிலைக் கட்டுகளை விற்று வந்த பணத்தைக் கொண்டுபோய் ஆங்கிலவழிப் பள்ளியிற் கட்டணமாகக் கொட்டுகின்ற உழவர் பலரை அங்கே காணலாம். தனியார் பள்ளிகள் மட்டுமா? 2012-2013 கல்வியாண்டு தொடங்கி அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் வரிசையாகத் திறக்கப்பட்டனவே!

அத்தகைய உழவர் ஒருவரின் மகன் ஏழாம் வகுப்பிற் படிப்பதாகக் கொள்க. அவன் தன் கட்டுரையில் ஒரு தொடரை முன்னிடைச்சொல்லால் முடிக்கிறான். ஆசிரியர் செந்நிற மையால் அதைச் சுற்றி வட்டமிடுகிறார். கரணியம் கேட்டால், 'அப்படி முடிக்கலாகாது' என்பதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய ஆசிரியர் அவருக்கு வட்டமிட்டார். அவர் இவனுக்கு வட்டமிடுகிறார். வழிவழி வருவது செல்வமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லையே!

மாலையில் வீடு திரும்பும் அப்பிள்ளை, வாயிலில் தன் தந்தை அண்டை வீட்டாரோடு பேசுவதைக் கேட்கிறான். 'மூட்டையெல்லாம் ஏத்தியாச்சுங்க வண்டியில. பெரியவன் போயிருக்கானுங்க மேட்டுப்பாளையத்துக்கு.' இரண்டு தொடரும் உருபில் முடிகின்றன. ஒன்று இல், மற்றொன்று கு. பகலெல்லாம் பள்ளியில், கடைசியில் நிற்கலாகாது, கடைசியில் நிற்கலாகாது என்று கேட்டுவந்த பிள்ளைக்குத் தந்தையின் பேச்சு இப்போது எப்படித் தோன்றும்? ஆங்கிலம் அறியாதவர் பேச்சு, ஒழுங்கில்லாத பேச்சு, தலைகீழான பேச்சு! 'தமிழ் தலைகீழ் மொழி. ஆங்கிலத்தில் முன்னே வருவதெல்லாம் தமிழிற் பின்னே வரும்' என்று மொழிபெயர்ப்புப் பாடத்திற் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் அல்லவா? எதற்குத் தலை, எதற்குக் கீழ் என்று அவர்களை ஒருவரும் கேட்பதில்லை.

அந்தச் செவ்வட்டம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் நகைப்பும் வரும், வருத்தமும் வரும். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திற் புகழோடு விளங்கிய பாவலர் சான் திரைடன். அவர் 1672-ஆம் ஆண்டில், தமக்கு முன்னிருந்த நாடகப் பெரும்புலவர் பென் சான்சனின் வரி ஒன்றை எடுத்துக்கொண்டு, அது முன்னிடைச்சொல்லில் முடிகிறது, இது சான்சனிடம் அடிக்கடி காணப்படும் குற்றம் என்று எழுதினார். தம் எழுத்திலும் அக்குற்றம் உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நில்லாமல், தாம் 1668-இல் வெளியிட்ட நாடகவியற் கட்டுரையை 1684-இல் மறுபதிப்பிடும்போது, கடைசியில் நின்ற முன்னிடைச்சொற்களைத் தேடித்தேடிப் பிடுங்கி முன்னே நட்டார். சான்சனோ அதற்கு நெடுங்காலம் முன்பே, 1637-இல், மறைந்துவிட்டார். அவரும் ஆங்கிலத்துக்கு ஓர் இலக்கணம் எழுதியவர். அது அவர் மறைவுக்குப்பின் 1640-இல் வெளிவந்தது. ஆங்கில இலக்கணமே எழுதிய ஒருவர் ஆங்கிலம் அறியாமல் எழுதினார் என்பது எவ்வளவு துணிச்சலான குற்றச்சாட்டு!

திரைடனுக்கு இந்த எண்ணம் எப்படி முளைத்தது? அதையும் அவரே வேறோரிடத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தம் ஆங்கிலம் சரியா என்ற ஐயம் எழும்போது, அதை இலத்தீனத்தில் மொழிபெயர்த்துப் பார்ப்பாராம். இலத்தீனத்தில் எப்படி அமைகிறது என்று கண்டு தெளிவாராம். ஆங்கிலம் பேசும் தாய் வயிற்றிற் பிறந்து, ஆங்கிலத்தில் நாடகமும் பாவும் எழுதிப் புகழ்பெற்ற ஒருவர், தம் தாய்மொழி சரிதானா என்று செத்த மொழியின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டு வந்தார்! இலத்தீனத்தில் அச்சொற்கள் பெயருக்கு முன்னேயே நிற்கும். 'பிரிபொசிசன்' என்னும் பெயரே இலத்தீனத்தில் 'முன்வைப்பு' என்று பொருள்படுவது. பெயரே முன்வைப்பு என்றிருக்க, பின்னே வைக்கலாமோ என்பது வாதம். பெயரை வைத்தவன் எவன், எந்த மொழிக்கு வைத்தான் என்னும் கேள்வியே அங்கே எழவில்லை.

இதிலும் ஒரு வேடிக்கை. இலத்தீனமாவது இவ்விதியை முற்றக் காத்ததா என்றால், அதுவும் இல்லை. 'என்னோடு', 'உன்னோடு' என்று சொல்ல இலத்தீனத்தார் 'மேகும்', 'தேகும்' என்பர். 'கும்' என்பது 'ஓடு' என்னும் பொருளுடைய முன்னிடைச்சொல். அது இங்கே தமிழ் உருபு போலப் பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆண்டையே மீறிய கட்டளையை அடிமை தவறாமல் நிறைவேற்றிய கதை இது.

மேலும், ஆங்கிலம் இலத்தீனத்தின் மகளும் அன்று. செருமானியக் குடும்பத்து மொழி அது. இலத்தீனச் சொற்களைப் பிரெஞ்சு வழியாகவும் நேரேயும் அளவிறந்து கடன்கொண்டதே ஒழிய, அதன் எலும்புக்கூடு செருமானியமே. அதன் உறவுமொழிகளாகிய வடபுல மொழிகளிலும், தேனிய மொழி, சுவீடிய மொழி முதலியவற்றிலும், இச்சொற்கள் கடைசியில் நிற்பது இயல்பான வழக்கு. சொற்கடன் வாங்கியவன் எலும்பையும் ஈடுவைக்க வேண்டும் என்று எந்தக் கடைக்காரனும் கேட்பதில்லை. கடனாளியின் பிள்ளைகளே வலியச் சென்று ஈடுவைத்தால் என் செய்வது?

திரைடன் போட்ட விதையை மரமாக்கியவர்கள் பள்ளி இலக்கணம் எழுதியவர்கள். பின்னாளில் இலண்டன் ஆயராக உயர்ந்த இராபர்ட்டு லௌத்து என்பவர் 1762-இல் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். அவர் தடைவிதிக்கவில்லை. கடைசியில் நிறுத்துவது ஆங்கிலத்தின் மரபு, பேச்சுக்கும் எளிய நடைக்கும் அது பொருந்தும், உயர்ந்த நடைக்கு முன்னே வைப்பதே அழகு என்ற அளவிலேயே நின்றார். அந்த மரபைப் பற்றிச் சொல்லும் தொடரையே முன்னிடைச்சொல்லை இறுதியில் வைத்து எழுதிக் காட்டினார். குறும்போ இயல்போ அறியோம். ஆனால் அவர் நூலைத் தழுவி 1795-இல் இலிண்டுலே முர்ரே எழுதிய பள்ளி இலக்கணத்தில், அந்தத் தொடரே திருத்தப்பட்டு, முன்னிடைச்சொல் முன்னே தள்ளப்பட்டுவிட்டது! ஒரு மரபு உண்டு என்று சொன்ன வாயையே அந்த மரபின்படி பேசவிடவில்லை. அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிக்கூடங்களில் 'அழகன்று' என்பது 'ஆகாது' என்றாயிற்று; 'ஆகாது' என்பது பிரம்படியாயிற்று.

ஆங்கிலேயருள் அறிஞர் விழிக்காமல் இல்லை. 1926-இல் வெளிவந்த தம் வழக்குநூலில் பௌலர் என்பார், இவ்விதி ஒரு மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். அந்த மூடநம்பிக்கையின் ஆயுள் எவ்வளவு கெட்டி என்றால், அமெரிக்காவின் மெரியம் வெப்சுடர் அகரமுதலி நிறுவனம் 2024 பிப்ரவரியில், ஆங்கிலத் தொடர் முன்னிடைச்சொல்லில் முடியலாம், தடை இலத்தீனத்தைப் பார்த்து வந்தது என்று அறிவித்தபோது, அதை ஏற்காமல் சினந்தெழுந்தவர் பலர். உலகின் பெரும்பகுதியை ஆண்ட இனத்தின் மொழியிலேயே அயலளவுகோல் இத்தனை ஆழமாகப் புதைந்து கிடக்குமானால், ஆளப்பட்டவர் மொழியில் அது எவ்வளவு ஆழம் போயிருக்கும்?

இங்கே காரமடை ஆசிரியர் ஒன்று கேட்கலாம்: 'ஐயா, எங்களுக்கு இங்கிலாந்து வரலாறு வேண்டா, எங்கள் இலக்கண நூலில் உள்ளதைத்தானே சொல்லிக் கொடுக்கிறோம்?' நூலிலும் இல்லை என்பதே உண்மை. 1930-களிலிருந்து இந்தியப் பள்ளிகளில் வேதம்போல் ஓதப்பட்டுவரும் இரென், மார்ட்டின் ஆங்கில இலக்கணத்தைப் புரட்டினால், முன்னிடைச்சொல் பெரும்பாலும் பெயருக்கு முன்னே வரும், சில இடங்களிற் பின்னே வரும் என்று கூறி, பின்னே வந்து தொடரை முடிக்கும் எடுத்துக்காட்டுகளையும் அது கொடுத்திருக்கக் காணலாம். குறிப்பிட்ட ஓர் இணைப்புச்சொல் வரும் தொடர்களில் இறுதியில் நிற்பதே முறை என்றும் அது கூறுகிறது. ஆகவே, கொங்கு நாட்டுப் பிள்ளையின் ஏட்டில் விழும் செவ்வட்டத்துக்கு ஆங்கிலேயன் வழக்கிலும் இடமில்லை. ஆசிரியர் கையிலுள்ள நூலிலும் இடமில்லை. அடிமை மனத்தில் மட்டுமே இடமுண்டு. ஆண்டான் எவ்வளவு கடியனாக இருப்பான் என்று அடிமை கற்பனை செய்துகொள்கிறானோ, அந்தக் கற்பனைக்கு அவன் அஞ்சுகிறான்.

'ஆங்கிலத்தான் வீட்டுச் சண்டை தனித்தமிழர்க்கு எதற்கு?' என்பார்க்கு மறுமொழி உண்டு. இதே வழக்கு தமிழிலும் எழுந்தது. உருபு இறுதியில் நிற்கலாமா, நிற்கலாகாதா என்னும் இதே கேள்வியை இன்று தமிழிற் கிடைக்கும் நூல்களுள் முதல் இலக்கண நூலாகிய தொல்காப்பியமே எடுத்துக்கொண்டு தீர்த்து வைத்திருக்கிறது. எத்தனை தமிழாசிரியர் இதை வகுப்பிற் சொல்கின்றனர்?

சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில் தொல்காப்பியர் கூறுவது இது: எல்லா உருபுகளும், பொருள் முறைப்படும் இடத்தில், தொடரின் இடையிலும் நிற்கும், இறுதியிலும் நிற்கும், அதனை விலக்கார். 'தோட்டத்தை உழுதான்' என்றால் உருபு இடையில் நிற்கிறது. 'உழுதான் தோட்டத்தை' என்றால் இறுதியில் நிற்கிறது. இரண்டும் தமிழே. அவர் வைத்த கட்டு ஒன்றே ஒன்று: பொருள் முறைப்பட வேண்டும். எந்த அயன்மொழியில் எப்படி என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை.

அத்தோடும் விட்டாரில்லை. அவ்வியலிலேயே அடுத்து ஒரு நுட்பம் சொல்கிறார். இறுதியில் நிற்கும் உருபு மறைந்து நிற்கலாமா? ஐ உருபும் கண் உருபும் மறையலாம். மற்றவை மறைதல் ஆகாது என்கிறார். இதன் கூர்மையைக் காரமடைச் சந்தைப் பேச்சாலேயே காட்டிவிடலாம். 'வாங்கினான் வாழையை' என்பதில் ஐ மறைந்து 'வாங்கினான் வாழை' என்று நின்றாலும் பொருள் கெடவில்லை. வாழை வாங்காது, வாங்கப்படும் என்பது எவர்க்கும் தெரியும். ஆனால் 'கொடுத்தான் தம்பிக்கு' என்பதில் கு மறைந்தால் என்ன ஆகும்? 'கொடுத்தான் தம்பி' என்றாகும். வாங்கிக்கொண்ட தம்பி கொடுத்தவன் ஆகிவிடுவான்! 'வந்தான் தந்தையொடு' என்பதில் ஒடு மறைந்தால் 'வந்தான் தந்தை' என்றாகி, வந்த மகன் காணாமற் போய்விடுவான். ஆகவேதான், இறுதியில் நிற்கும்போது அவ்வுருபுகள் மறையலாகா என்று கட்டினார். ஈதன்றோ இலக்கணம்! மொழியைப் பேசும் மக்களின் வாயைப் பார்த்து, பொருள் எங்கே கெடுகிறது, எங்கே கெடவில்லை என்று எடைபோட்டுச் சொன்ன விதி இது. இறுதியில் நிற்கவே கூடாது என்று மிரட்டிய திரைடனையும், இறுதியில் நிற்கட்டும், ஆனால் அங்கே நிற்பவன் முகத்தை மறைக்காமல் நிற்கட்டும் என்ற தொல்காப்பியரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் எது பண்பட்ட மொழியறிவு என்பது விளங்கும்.

கொங்கு நாட்டார் இதில் தனிப்பெருமை கொள்ளவும் இடமுண்டு. நன்னூல் செய்த பவணந்தியார் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தைச் சார்ந்தவர் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். வேற்றுமை என்பது பெயரின் ஈற்றில் நின்று அதன் பொருளை வேறுபடுத்துவது என்று வரையறுத்தவர் அவர். ஈறு, ஈறு என்று தமிழ் இலக்கணத்தார் ஓயாது பேசுவதற்குக் கரணியம் இருக்கிறது. தமிழில் ஈறே சொல்லின் ஆற்றல் தங்கும் இடம். வந்தான், வந்தாள், வந்தது என்று ஆணையும் பெண்ணையும் அஃறிணையையும் பிரித்துக் காட்டுவது ஈறு. ஐயமும் வினாவும் தேற்றமும் ஓ, ஆ, ஏ என்று ஈற்றிலேயே ஏறி நிற்கின்றன. கொங்கு நாட்டார் வாயில் வரும் 'ங்க' எங்கே நிற்கிறது? 'வாங்க', 'சரிங்க', 'ஏனுங்க', 'இல்லீங்க' என்று ஈற்றிலேயே அல்லவா நின்று, எதிரில் இருப்பவர்க்கு மதிப்புத் தருகிறது? பெயருக்கு முன்னே மரியாதைச் சொல்லைக் கட்டித் தொங்கவிடும் மொழிகள் உண்டு. கொங்குத் தமிழனோ சொல்லி முடிக்கும் இடத்தில் தலைவணங்குகிறான். அந்த ஈற்றை இழிவென்று கற்பிப்பது, அவன் பணிவையும் பெருமையையும் சேர்த்து இழிவென்பதாகும்.

திரைடன்கள் இங்கிலாந்தில் மட்டும் பிறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவருக்கு நெடுநாள் முன்னேயே பிறந்துவிட்டார்கள். பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், புத்தமித்திரர் செய்த வீரசோழியம், வேற்றுமை, தொகை முதலிய இயல்களை வடமொழி வாய்பாட்டில் இட்டுத் தமிழை அளந்தது. பதினேழாம் நூற்றாண்டில் சுப்பிரமணிய தீட்சிதர் 'பிரயோக விவேகம்' என்று ஒரு நூல் செய்தார். தமிழிலக்கணம் பற்றிய நூலின் பெயரில் ஒரு தமிழ்ச்சொல்கூட இல்லை என்பதே அந்நூலின் போக்கை உணர்த்தப் போதும். அதே நூற்றாண்டில் இலக்கணக் கொத்து எழுதிய சாமிநாத தேசிகர் ஒருபடி மேலே சென்றார். வடமொழிக்கும் தமிழுக்கும் இலக்கணம் ஒன்றே. தமிழுக்குச் சிறப்பாக உள்ளவை ஐந்து எழுத்துகளே. ஐந்து எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு தனிமொழி என்று சொல்லிக்கொள்ள அறிவுடையோர் நாணுவர் என்னும் கருத்தை எழுதி வைத்தார். தன் தாய்மொழியைத் தனிமொழி என்று சொல்ல நாணவேண்டுமாம்! இலத்தீனத்தின் கதவைத் தட்டிய திரைடனாவது ஆங்கிலம் ஒரு மொழி இல்லை என்று சொல்லவில்லை.

தேசிகர் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்தவர். அவருக்குரிய மறுமொழியும் அந்த ஆதீனத்திலிருந்தே பிறந்தது என்பதுதான் இதன் சிறப்பு. 1785-இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவர் வடமொழிக் கடலையும் நீந்தியவர். அறியாமையால் வடமொழியை ஒதுக்கினார் என்று எவரும் அவர்மேற் பழிசொல்ல இயலாது. தொல்காப்பியப் பாயிர விருத்தியில் அவர், தமிழின் புணர்ச்சி முறைகள், குறிப்புவினை, வினைத்தொகை, உயர்திணை அஃறிணைப் பாகுபாடு, அகம் புறம் என்னும் பொருட்பாகுபாடு முதலியன வடமொழியில் இல்லாதவை என்று பட்டியலிட்டு, இவை தமிழ் தானே பெற்ற செல்வம் என்று நிறுவினார். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பே, இலக்கணத் துறையில் அதற்குக் கால்கோள் இடப்பட்டுவிட்டது.

கால்டுவெலார் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலும் இதைத் தொட்டுக் காட்டுகிறார். தமிழில் பெயரின் பின்னே ஒட்டி வரும் உருபுகள் எத்தனையோ அத்தனை வேற்றுமைகள் கொள்ளலாம். எட்டு என்று எண்ணி நிறுத்தியது வடமொழியைப் பார்த்து நிறுத்தியது என்பது அவர் கருத்து. எட்டு என்னும் எண் கடன்வாங்கியது என்பதைத் தனித்தமிழறிஞர் ஒப்பார். ஆயின், ஆலும் ஒடுவும் ஒரே அறையில் அடைக்கப்பட்டிருப்பதை நோக்குவார்க்கு அவர் எழுப்பிய ஐயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆய்ந்து தெளியவேண்டிய இடம் அது. சினந்து ஒதுக்கவேண்டிய இடம் அன்று.

வடமொழி அளவுகோலை வைத்து அளந்த காலம் போய், இப்போது ஆங்கில அளவுகோல் வந்திருக்கிறது. அது இலக்கணப் புலவர் ஏட்டில் இல்லை. அரசு அறிவிப்பிலும் செய்தித்தாளிலும் இருக்கிறது. அதனால் ஆபத்து மிகுதி. 'இத்திட்டத்தின் கீழ் உழவர்க்கு உதவி வழங்கப்படும்' என்கிறது அறிவிப்பு. திட்டத்தின் மேலே என்ன இருக்கிறது, கீழே குனிந்து உதவியைத் தேட? ஆங்கிலத்தில் 'அண்டர்' என்னும் முன்னிடைச்சொல் இருக்கிறது. அதைப் பெயர்த்தவர் 'கீழ்' என்று போட்டார். 'இத்திட்டப்படி' என்றாற் போதுமே! 'சட்டத்தின் கீழ்' என்பதும் அவ்வாறே. சட்டப்படி என்று பாட்டன் காலத்திலிருந்து வழங்கிய நல்ல தமிழ் இருக்க, சட்டத்தைப் பந்தலாக்கி மக்களை அதன் கீழே உட்கார வைத்துவிட்டார்கள். 'தொடர்வண்டி மூலம் சென்றார்' என்பதில் வரும் மூலமும் 'பை' என்னும் ஆங்கிலச் சொல்லின் நிழலே. மேட்டுப்பாளையத்துக்குத் தொடர்வண்டியிற் போகும் காரமடையான் எவனாவது 'வண்டி மூலம் போனேன்' என்பானா? 'வண்டியில போனனுங்க' என்பான். 'அமைச்சரால் திறந்துவைக்கப்பட்டது' என்று கல்வெட்டுத் தோறும் வெட்டுகிறார்கள். 'அமைச்சர் திறந்துவைத்தார்' என்றால் அமைச்சரின் பெருமை குறைந்துவிடுமா? ஆங்கில முன்னிடைச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் உருபை நேர்நிறுத்திப் பள்ளியில் உருப்போட வைத்ததன் விளைவு இது. இறுதியில் நிற்கலாகாது என்ற செவ்வட்டமும், 'திட்டத்தின் கீழ்' என்ற அரசாணையும் ஒரே தறியில் நெய்த துணிகள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மழுப்புதல் நேர்மையன்று. 'வழக்கில் உள்ளதை விதியால் விலக்குவது திரைடன் செய்த தவறு என்றால், வழக்கில் உள்ள வடசொற்களை விலக்கு என்னும் தனித்தமிழார் செய்வதும் அதுதானே?' என்று கேட்பார் உளர். அன்று. திரைடன் அயன்மொழியின் அளவுகோலைக் கொண்டு தன் மொழியின் சொந்த இயல்பை வெட்டினார். தனித்தமிழியக்கம் தன் மொழியின் அளவுகோலைக் கொண்டு அயலிருந்து வந்து படிந்ததை விலக்குகிறது. வடசொல் வந்தால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்துக்கு இயைந்ததாக்கிக் கொள்க என்று தொல்காப்பியரே எல்லை கட்டியிருக்கிறார். ஒருவன் தன் வீட்டுத் தூணை அறுக்கிறான்; மற்றொருவன் தன் வீட்டுச் சுவரில் முளைத்த ஆலஞ்செடியைப் பிடுங்குகிறான். இருவர் கையிலும் அரிவாள் இருக்கிறது என்பதால் இருவரும் ஒன்றாகிவிடார்.

ஆயினும் அக்கேள்வியில் தனித்தமிழார் செவிகொடுத்துக் கேட்கவேண்டிய ஒரு கூறு இருக்கிறது. ஊரக மக்கள் வாயில் வழங்கும் தமிழைக் 'கொச்சை' என்று ஒரே வீச்சில் ஒதுக்கும் புலவர்கள் இயக்கத்துக்குள்ளும் உண்டு. 'ஏத்தியாச்சுங்க வண்டியில' என்னும் உழவனின் தொடரைக் கேட்டதும், பயனிலை முன்னே வந்துவிட்டது, உருபு இறுதியில் நிற்கிறது, பேச்சே பிழை என்று முகஞ்சுளிப்பவர் தமிழ்ப் புலவராகவே இருந்தாலும் திரைடன் கூட்டத்தாரே. 'ஏத்தியாச்சு' என்னும் வடிவத்தை 'ஏற்றியாயிற்று' என்று திருத்திக் கொடுக்கட்டும், வேண்டா என்பாரில்லை. தொடரின் அமைப்பைத் தொட அவர்க்கு உரிமையில்லை. அதற்குத் தொல்காப்பியர் முன்னரே இசைவு தந்துவிட்டார். 1974-இல் தமிழ்நாட்டு அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை அமைத்து மொழிஞாயிறு பாவாணரை அதன் இயக்குநராக்கியது. உழவரும் கைவினைஞரும் வழங்கும் ஊரகச் சொற்களைத் தமிழின் வேர்ச்செல்வமாகப் போற்றியவர் அவர். சொல்லுக்கு உள்ள அந்த மதிப்பு சொற்றொடர்க்கும் வேண்டும்.

ஆங்கிலம் வேண்டா என்று இங்கே எவரும் சொல்லவில்லை. காரமடைப் பிள்ளை ஆங்கிலம் கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும். ஆங்கிலேயன் பேசும் ஆங்கிலத்தைக் கற்கட்டும். அவன் பேசாத, அவனே கைவிட்ட, இலத்தீனத்துப் பொய்க்கால் கட்டிய ஆங்கிலத்தை அன்று. அதற்கு முன், அப்பிள்ளை தன் தந்தை பேசும் தொடருக்குத் தொல்காப்பியத்தில் நூற்பா இருக்கிறது என்பதைத் தமிழ் வகுப்பிற் கேட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளிற் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006-இலேயே வந்துவிட்டது. வேற்றுமைப் பாடமும் நடத்தப்படுகிறது. எட்டு வேற்றுமையையும் அவற்றின் உருபுகளையும் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு, உருபு இறுதியில் நிற்கலாமா என்னும் கேள்வி தமிழில் எப்படித் தீர்க்கப்பட்டது என்பது மட்டும் தெரியாமல் பிள்ளை வெளியே வருகிறான்.

கொங்கு நாட்டுத் தமிழாசிரியர்கள் இதற்கு ஒரு பாடவேளை ஒதுக்கினாற் போதும். 'கொடுத்தான் தம்பிக்கு', 'கொடுத்தான் தம்பி' என்னும் இரண்டு தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று பிள்ளைகளைக் கேட்கட்டும். அடுத்த வகுப்புக்கு வரும் ஆங்கில ஆசிரியர், செந்நிற மைக்கோலைத் திறக்கும் முன், தம் மேசைமேற் கிடக்கும் இலக்கண நூலில் முன்னிடைச்சொல் இயலை விரித்து, அதன் முதற் பக்கத்து எடுத்துக்காட்டுகளை அதே பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும்.